அப்போ தீவு: 450 மீட்டர் கடலை மூடியதில் மீனவனுக்கு என்ன கிடைத்தது?

11 பிப்ரவரி 2024, உப்புக்காற்று

கடலைக் காப்பாற்றும் கூட்டம் எங்கே நடந்தாலும் பிலிப்பைன்ஸின் அப்போ தீவைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். மீனவர்களே கொஞ்சம் இடத்தை மூடினார்களாம், மீன் பெருகியதாம். மூடின இடத்தில் மீன் பெருகும், சரி. அந்த மீன் அங்கேயேதானே இருக்கும்? சீட்டுப் போட்டுவிட்டு ஏலம் மட்டும் எடுக்கக் கூடாது என்றால் எந்த மீனவன் ஒப்புவான்? மீதி இடத்தில் அதே ஆட்கள் இன்னும் நெருக்கியடித்துப் பிடிப்பார்கள். டைவிங் கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள்.

12 பிப்ரவரி, நங்கூரம்

எண் கேட்டீர்கள். முதலில் இடத்தின் அளவு. தீவு முக்கால் சதுர கிலோமீட்டர் தேறும். நெக்ரோஸ் தீவின் தென்கிழக்குக் கரையிலிருந்து 7 கிலோமீட்டர். டாவின் நகராட்சிக்குள் வருகிறது. 140 சொச்சம் குடும்பங்கள். மூடிய இடம் கரையோரமாக 450 மீட்டர், நடந்தால் ஆறு நிமிஷம். தீவைச் சுற்றியிருக்கும் பாரில் (பவளப்பாறையைத்தான் பார் என்கிறேன், பழக்கதோஷம்) ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

மூடுவதற்கு முன்னால் கடல் கெட்ட விதம் நம் கரைக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப் போர் விட்டுப்போன வெடிமருந்தில் தொடங்கி வெடி, பிறகு சயனைடு, சின்னக் கண்ணி வலை, இவற்றோடு முரோ-ஆமி. நீந்துகிறவர்கள் வரிசையாக நின்று, கயிற்றில் கட்டிய கல்லைப் பாரின்மேல் தொப் தொப்பென்று போட்டு மீனை வலைக்கு விரட்டும் முறை அது. மீன் வலைக்குப் போகும், பார் பொடியாகும். 1986இல் அந்த நாட்டு அரசு இதைத் தடை செய்தது.

டுமகெட்டி நகரத்து சிலிமன் பல்கலைக்கழகத்தார், ஏஞ்சல் அல்காலாவின் ஆட்கள், 1979இல் தீவுக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள். 1982இல் 14 குடும்பங்கள் மட்டும் சம்மதித்தன. மற்றவர்கள் வழிக்கு வர இன்னும் மூன்று வருஷம் ஆனது. அதற்கப்புறம்தான் நகராட்சி விதியாக எழுதப்பட்டது. எண்களை நாளைக்குப் போடுகிறேன்.

12 பிப்ரவரி, நங்கூரம்

ஒன்றை விட்டுவிட்டேன், மேலே சொன்னவற்றையெல்லாம்விட அதுதான் உபயோகமானது. அந்த 450 மீட்டரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பவளம் நன்றாக இருந்தது, மீன் குறைவாக இருந்தது. மீன் நிறைந்த இடத்தை மூடப் போனால் அங்கே தினமும் தூண்டில் போடுகிறவன் முதல் நாளே சண்டைக்கு வருவான். மீன் இல்லாத இடத்தை மூட யாருக்கும் வலிக்காது. பவளம் உயிரோடு இருந்தால் மீன் வந்து சேரும். பவளம் போன இடத்தை மூடினால் பத்து வருஷம் காத்திருந்தாலும் வெறும் கல்லைக் காவல் காத்த கதைதான்.

இன்னொன்று, அது ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் இடம். கரையில் ஒரே ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் காவல் முடிந்தது. படகு வேண்டாம், டீசல் வேண்டாம், சம்பளம் வேண்டாம். காவலுக்குப் பணம் செலவாகிற மாதிரி இடம் பிடித்தால், பணம் நிற்கும் அன்றைக்குக் காவலும் நிற்கும்.

13 பிப்ரவரி, நங்கூரம்

எண். தூண்டில்காரர் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்த மீன் 1980–81 வாக்கில் சுமார் 0.15 கிலோ. 1990களின் கடைசியிலும் 2000ஐ ஒட்டியும் 1 முதல் 2 கிலோ. உங்கள் சீட்டு ஏலம் போய்விட்டது ஐயா.

13 பிப்ரவரி, உப்புக்காற்று

பத்து மடங்கா? அப்போ தீவில் மொத்த மீன்பாடு பத்து மடங்கு ஏறிவிட்டதா? டன் கணக்கு எங்கே?

14 பிப்ரவரி, நங்கூரம்

ஏறவில்லை. நேற்று நான் எழுதியதைப் படிக்கிறவர் அப்படித்தான் புரிந்துகொள்வார், தப்பு என்னுடையது. மொத்த மீன்பாடு இருபது வருஷமும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றது. பாரில் சதுர கிலோமீட்டருக்கு வருஷத்துக்குச் சுமார் 20 டன். மாறியது அதைப் பிடிக்க ஆன நேரம். முன்பு தீவுக்காரர்கள் 10 கிலோமீட்டர் வரை துடுப்புப் போட்டுப் போய் மீன் தேடினார்கள். பிறகு வீட்டு வாசலிலேயே, குறைந்த நேரத்தில், அதே அளவைப் பிடித்தார்கள். மிச்சமான நேரத்தில் பலர் வேறு வேலை பார்த்தார்கள்.

இதை ‘மீன் பெருகியது’ என்று விற்பதில் எனக்குச் சம்மதமில்லை. லாபம் நேரத்தில் வந்தது, டன்னில் வரவில்லை. ஆனால் மீனவனிடம் கேட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரம் வெயிலில் கிடந்து ஒரு கிலோ கொண்டுவருவதும், ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ கொண்டுவருவதும் அவருக்கு ஒன்றா? பத்து மடங்கு என்பது தூண்டிலுக்கு மட்டும். வலைக்கும் மீன் பிடிக்கும் மூங்கில் கூட்டுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது.

14 பிப்ரவரி, வலைக்காரன்

‘அப்போ தீவு’ என்று படிக்கும்போதெல்லாம் ‘இப்போ?’ என்று கேட்கத் தோன்றுகிறது.

14 பிப்ரவரி, நங்கூரம்

அந்தப் பக்கத்து மொழியில் அப்போ என்றால் பேரப்பிள்ளை. இப்போ என்ன நிலை என்பதற்கு வருகிறேன், அது அவ்வளவு சந்தோஷமான கதை இல்லை.

17 பிப்ரவரி, உப்புக்காற்று

டன்னை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மூடின இடத்து மீன் வெளியே வருகிறதா, அதைச் சொல்லுங்கள்.

18 பிப்ரவரி, நங்கூரம்

வருகிறது, ஆனால் கொஞ்ச தூரம்தான். அளந்து பார்த்ததில் எல்லையிலிருந்து 200–300 மீட்டருக்குள்தான் கூடுதல் தெரிந்தது. வாலடியில் கத்தி மாதிரி முள் இருக்கும் சர்ஜன் மீன் வகை ஒன்றில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. எல்லையை ஒட்டி அடர்த்தி அதிகம், அங்கே தூண்டில் போட்டவருக்குக் கிடைத்ததும் அதிகம். உள்ளே நெருக்கம் கூடினால் சிறிசுகளும் துரத்தப்பட்டவைகளும் வெளியே வரும்.

முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் போவது தனிக் கணக்கு. எந்தக் குஞ்சு எந்தப் பாரில் தங்கியது என்பதைக் கண்ணால் எண்ணிச் சொல்ல முடியாது. கூட்டங்களில் இந்த இரண்டையும் குழப்பி ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள்.

களவா மாதிரி மீனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது முதலில் பெண், பெரிதான பிறகுதான் ஆண். பெரிய மீனாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தால் கடைசியில் ஆண் இல்லாத பார்தான் மிஞ்சும். பெரிசுகள் சாகாமல் கிடக்க ஒரு மூலையாவது வேண்டும். கிளிமீனில் பல வகைக்கும் இதே கதைதான்.

18 பிப்ரவரி, வலைக்காரன்

எல்லைக் கோட்டிலேயே எல்லோரும் வரிசை கட்டி உட்கார மாட்டார்களா?

18 பிப்ரவரி, நங்கூரம்

உட்காருவார்கள். உலகம் பூராவும் நடக்கிறது. கோடு எங்கே என்று தெரிந்து உட்கார்ந்தால் பரவாயில்லை. தெரியாததுபோல உட்காருவதுதான் தொல்லை. மிதவையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

25 பிப்ரவரி, நங்கூரம்

மிதவை. சின்ன ஊர்கள் எல்லை போடும்போது சறுக்கும் இடங்கள்:

எடைக் கல். 100 கிலோ கான்கிரீட் கடலுக்குள் 57 கிலோதான் இருக்கும். கருங்கல் 61. பழைய என்ஜின் பிளாக்கின் இரும்பு 86, ஆனால் துருப்பிடித்துக் கயிறு கட்டும் காது தேயும். கரையில் நாலு பேர் தூக்க முடியாத கல் என்பதால் கடலிலும் நகராது என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு பெரிய அலை மிதவையை இழுத்தால் கல் பாரின்மேல் உருண்டு போகும். எல்லைக் கல்லே பவளத்தை உடைக்கும். கல்லை மணல் திட்டில்தான் இறக்க வேண்டும். முதலில் ஒருவர் மூழ்கிப் பார்த்துவிட்டு வரட்டும்.

கயிறு. ஓதம் ஏறும்போதும் மிதவை மேலே நிற்க வேண்டும், வற்றும்போது கயிறு தொங்கி அடியை வருடக் கூடாது. நடுத் தண்ணீரில் சின்ன மிதவை ஒன்று கட்டினால் மிச்சக் கயிறு தூக்கி நிற்கும். அதைச் செய்யாத இடத்தில் கல்லைச் சுற்றி வட்டமாகப் பவளம் மழித்துவிட்டதுபோல் இருக்கும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், அதனால் மேல்பக்கத்துக்கு அது வேண்டாம், புரொப்பெல்லரில் சுற்றும். மேலே நைலான், கீழே பாலிப்ரொப்பிலீன்.

கொக்கி. ஷாக்கிளின் (கயிற்றை மாட்டும் U வடிவ இரும்பு வளையம்) பின்னைக் கம்பி போட்டு முறுக்காவிட்டால் அலை ஆட்டத்தில் தானே கழன்றுவிடும். துத்தநாக முலாம் பூசிய ஷாக்கிளுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் இரண்டும் ஒட்டிக்கிடந்தால் துத்தநாகம் சீக்கிரம் அரித்துப்போகும்.

மிதவை. வெள்ளைக் கேன் போதும், ஆனால் உள்ளே நுரை அடைத்திருக்க வேண்டும். காலிக் கேனில் ஒரு ஓட்டை விழுந்தால் அன்றைக்கே எல்லை இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாசியும் கொட்டலசும் (ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டுப் பிராணி) சுரண்ட வேண்டும். சுரண்டாத மிதவை கனத்துத் தாழும், தாழ்ந்ததும் ‘தெரியவில்லை’ என்ற சாக்கு கிளம்பும்.

இத்தனைக்கும் மேலே கரை அடையாளம் வேண்டும். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு வெள்ளைக் கம்பம் நட்டு, இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தால் நீ கோட்டில் நிற்கிறாய் என்று வைத்துவிட்டால் மிதவை போனாலும் கோடு போகாது. நம் மீனவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, கோயில் கோபுரத்தையும் பனையையும் வைத்து இதைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள்.

26 பிப்ரவரி, உப்புக்காற்று

மிதவை எல்லாம் சரி. கண்ணால் எண்ணிய மீன் கணக்கை எப்படி நம்புவது? காவலுக்கு நிற்கிறவரே எண்ணினால் பெருகாமல் என்ன செய்யும்?

2 மார்ச், நங்கூரம்

இது நல்ல சந்தேகம், இந்த இழையிலேயே நல்லது. தண்ணீருக்குள் முகமூடி வழியாகப் பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 30 செ.மீ. மீன் 40ஆகத் தெரியும். எடை நீளத்தின் மும்மடிக்கு அருகில் ஏறுவதால் அந்த ஒரு தப்பே எடையை 2.4 மடங்காக்கும். பழகாத ஆள் எண்ணினால் மீன் பிறக்காமலே கடல் நிறைந்துவிடும்.

செய்ய வேண்டிய முறை இது. 50 மீட்டர் நாடாவைப் பாரின்மேல் ஒரே ஆழத்தில் விரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் 5 மீட்டர் என்று வைத்தால் 500 சதுர மீட்டர். விரித்ததும் எண்ணக் கூடாது, ஆள் சலசலப்பில் மீன் ஓடியிருக்கும், கொஞ்சம் ஆற விட வேண்டும். முதல் நடையில் பெரிசுகள் (களவா, பாரை, செப்பிலி), திரும்பும்போது சிறிசுகள். சிறிசை முதலில் எண்ணினால் பெரிசு கலைந்துபோகும். நீளத்தை 5 செ.மீ. வகுப்பாக மட்டும் எழுத வேண்டும். 37, 42 என்று எழுதுகிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

பழகுவதற்குப் பி.வி.சி. குழாயை 10 முதல் 60 செ.மீ. வரை பல நீளத்தில் வெட்டி, எண்ணை மறைத்துக் கயிற்றில் கோத்துத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். ஸ்லேட்டில் ஊகத்தை எழுதி, கரைக்கு வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டு சரியான வகுப்பில் விழும்வரை அந்த ஆளை எண்ண விடாதீர்கள். மூடிய இடத்தையும் திறந்த இடத்தையும் ஒரே நாளில், ஒரே ஓதத்தில், ஒரே ஆள் எண்ண வேண்டும். அப்போது தப்பு இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே தப்பு.

அப்போவில் 1983இலிருந்து அல்காலாவும் காரி ரஸ் என்ற ஆஸ்திரேலியரும் இப்படி வருஷக்கணக்காக எண்ணினார்கள். பெரிய ஊனுண்ணி மீன்கள் முதல் சில வருஷம் ஏறினதே தெரியவில்லை. பிறகும் மெதுவாக, பத்து வருஷத்துக்கு மேலாக, நேர்கோடு மாதிரி ஏறிக்கொண்டே போயின. இரண்டாம் வருஷமே பலன் கேட்கிற திட்டத்துக்குக் களவா ஒத்துவராது.

3 மார்ச், நங்கூரம்

பிடித்த மீனை எடை போடும் கணக்கும் வேண்டும். வாய்ப்பாடு ஒரே வரி: கிலோவை ஆட்கள் × மணியால் வகுக்க வேண்டும். இரண்டு பேர், 4 மணி நேரம், 6 கிலோ என்றால் 0.75. கெடுவது மூன்று இடத்தில். வாளியோடு சேர்த்து எடை போடுவது முதலாவது. கரையை விட்டதிலிருந்து மணி எண்ணுவதா, தூண்டில் விழுந்ததிலிருந்தா என்பதை ஒரு முறை முடிவு செய்யாமல் ஆளுக்கு ஒன்றாக எழுதுவது இரண்டாவது. மூன்றாவதுதான் விஷம்: வெறும் கையோடு வந்தவரை எழுதாமல் விடுவது. மீன் இல்லாதவர் தராசுப் பக்கமே வர மாட்டார், நேராக வீட்டுக்குப் போவார். அவரைத் தேடிப் போய்ப் பூஜ்யம் என்று எழுதினால்தான் சராசரி சராசரியாக இருக்கும். நிலவின் எல்லாப் பிறையிலும் பதிவு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தூண்டில் வேறு மாதிரி பேசும்.

9 மார்ச், வலைக்காரன்

மூடினதால்தான் சரியானது என்று எப்படித் தெரியும்? வெடியை நிறுத்தியது போதாதா?

10 மார்ச், நங்கூரம்

இந்தக் கேள்விக்கு நான் 12ஆம் தேதி எழுதியதையே திருத்த வேண்டும். மூடிய பத்தில் ஒரு பங்கைப் பற்றியே பேசிவிட்டேன். மீதி ஒன்பது பங்கிலும் விதி போட்டார்கள்: தீவுக்காரர் மட்டும் பிடிக்கலாம், தூண்டில், மூங்கில் கூடு, பெரிய கண்ணி வலை, மூச்சுக் காற்றுச் சிலிண்டர் இல்லாமல் ஈட்டி, இவ்வளவுதான். வெளியூர்ப் படகு வந்தால் பந்தாய் டகாட், அதாவது ஊர்க் கடற்காவல், எழுந்து போகும். கிடைத்த பலனில் எத்தனை பங்கு மூடியதால், எத்தனை பங்கு இந்த விதிகளால் என்று பிரிக்க வழியில்லை. விதி மட்டும் இருந்து மூடாத இன்னொரு அப்போ இருந்திருந்தால் ஒப்பிடலாம். இல்லை.

பக்கத்தில் வரும் சோதனை சுமிலோன். செபு தீவின் தென்முனைக்கு அருகில் இன்னும் சின்னத் தீவு. அதே சிலிமன் ஆட்கள், 1974இலேயே பாரில் நாலில் ஒரு பங்கை மூடினார்கள். அப்போவிலிருந்து மீனவர்களைக் கூட்டிப்போய்க் காட்டியதே அங்கேதான். 1984இல் உள்ளூர் அரசியல் மாறியது, காவல் விழுந்தது, மூடிய இடத்திலும் பிடித்தார்கள். பிடிக்கும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியது. மீன்பாடு கூடியிருக்க வேண்டுமே? பதினெட்டு மாதத்தில் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. உப்புக்காற்று, நீங்கள் முதல் நாள் கேட்டதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

10 மார்ச், உப்புக்காற்று

மூடியைத் திறந்ததால் மட்டுமா இறங்கியது?

10 மார்ச், நங்கூரம்

இல்லை, வெடியும் முரோ-ஆமியும் கூடவே உள்ளே வந்தன. அதையும் பிரிக்க முடியாது. பிடிவாதமாகக் கேட்கிறீர்கள், கேளுங்கள்.

சுமிலோனில் எனக்கு உறைப்பது வேறு. அங்கே ஊர் இல்லை. மீனவர்கள் எதிர்க்கரையிலிருந்து வந்து போகிறவர்கள். விதி பல்கலைக்கழகத்துடையது, ஒப்புதல் நகராட்சியுடையது, காவல் சம்பளத்துக்கு. நகராட்சித் தலைவர் மாறியதும் எல்லாம் மாறியது. அப்போவில் கரையில் உட்கார்ந்து பார்க்கிறவரின் பையன்தான் எல்லையை ஒட்டித் தூண்டில் போடுகிறான்.

16 ஏப்ரல், வலைக்காரன்

நேற்று நம் கரையில் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகு போகாது. இதுவும் மூடுவதுதானே, நாம் மட்டும் என்ன குறைந்துவிட்டோம்?

17 ஏப்ரல், நங்கூரம்

இது காலத்தை மூடுவது, அங்கே இடத்தை மூடினார்கள். ஜூன் 15 காலையில் என்ன நடக்கும்? இரண்டு மாதம் சேர்ந்ததை முதல் சில வாரத்திலேயே அள்ளிவிடுவோம். முட்டையிடும் பருவத்தில் விடுவது நல்லதுதான், ஆனால் எட்டுப் பத்து வயது களவா 61 நாளில் உண்டாகாது. பெரிசுகள் சேர வருஷம் முழுக்க மூடிய ஒரு மூலை வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் அப்படி இடம் இருக்கிறதே என்பீர்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவு, 1986இல் தேசியப் பூங்கா. ஆனால் அது அப்போவைவிடச் சுமிலோனுக்குத்தான் சொந்தம். தீவில் குடியிருப்பு இல்லை, மீனவர் எதிர்க்கரையில், காவல் வனத்துறையிடம், விதி 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில். ஊர்க்கூட்டம் போட்டு ‘இந்தப் பாரை மூடுவோம், அந்தப் பாரைத் திறப்போம்’ என்று முடிவு செய்ய அதில் வழியில்லை. 21இல் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்கு மேலே தெரிவதே இல்லை. சுண்ணாம்புக்கு வெட்டியெடுத்த பவளத்தின் விலை அது.

பிலிப்பைன்ஸில் 1991 உள்ளாட்சிச் சட்டம் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் கடலை நகராட்சி கையில் கொடுத்தது. 14 குடும்பத்தின் பேச்சு நகராட்சி விதியாக ஆக முடிந்த நாடு அது. இந்த வசதி இல்லாத இடத்தில் அப்போ படத்தைக் காட்டுவதில் அர்த்தமில்லை. இந்த அளவுக்கு உங்கள் கட்சியில் நானும் ஒரு கால் வைக்கிறேன்.

18 ஏப்ரல், உப்புக்காற்று

ஒரு கால் போதும். டைவிங் பணம் யாருக்குப் போகிறது?

21 ஏப்ரல், நங்கூரம்

1994இல் தேசிய அரசு அப்போவைப் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு–கடற்பரப்பாக அறிவித்தது. நிர்வாகம் ஊர்க் குழுவிடமிருந்து பல துறையினர் உட்காரும் வாரியத்துக்குப் போனது, ஊரும் அதில் ஓர் உறுப்பினர். 1999இலிருந்து வருகைக் கட்டணம். வசூலாகும் பணம் முதலில் தேசியக் கருவூலத்துக்குப் போய், அதில் 75 சதவீதம் திரும்பி வர வேண்டும் என்பது அன்றைக்கு இருந்த விதி. திரும்பி வர ஆன தாமதம்தான் வருஷக்கணக்கில் புகார். மிதவைக் கயிறு அறுந்தால் புதுக் கயிறு இந்த வாரமே வேண்டும். கடல் கருவூலத்துக்காகக் காத்திருக்காது. தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த காவலுக்குக் கோப்பு வந்த பிறகு, கோப்பு நகர்ந்தால்தான் காவல் என்று ஆகும் அபாயம் இது. ஆனால் வெளியூர்ப் படகோடு வழக்கு என்று வந்தால் தேசியச் சட்டத்துக்குத்தான் பல் இருக்கிறது. இரண்டும் உண்மை.

5 மே, வலைக்காரன்

‘இப்போ?’ பாக்கி இருக்கிறது.

6 மே, நங்கூரம்

2011 டிசம்பரில் வாஷி புயல் (அங்கே செண்டோங்), கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து 2012 டிசம்பரில் போஃபா (பாப்லோ). இரண்டும் கிழக்குப் பக்கத்தை அடித்தன. மூடிய 450 மீட்டர் அந்தப் பக்கத்தில்தான். முப்பது வருஷம் காத்த பவளம் பெரும்பாலும் உடைந்து சல்லிக்கல்லாகிப்போனது. அந்த இடத்தில் டைவிங்கையும் நிறுத்தினார்கள்.

சல்லிக்கல்தான் கொடுமை. பவளக் குஞ்சு கெட்டியான கல்லில் ஒட்டித்தான் வளரும், ஆனால் ஒட்டிய கல் அசையக் கூடாது. சல்லியில் ஒட்டினால் அடுத்த அலையில் கல் புரண்டு குஞ்சு நசுங்கும். வெடி போட்ட இடங்கள் பல பத்து வருஷமாகியும் தேறாததற்கும் இதே காரணம். புயல் அடித்ததா வெடி அடித்ததா என்று சல்லிக்குத் தெரியாது.

மற்றப் பக்கத்துப் பார்கள் அவ்வளவு அடிபடவில்லை. மூடாத ஒன்பது பங்குக்கும் விதி இருந்தது அப்போதுதான் கைகொடுத்தது. மார்ச் 10இல் ‘பிரிக்க வழியில்லை’ என்று எழுதினேன், இன்னும் வழியில்லைதான். ஆனால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் இன்றைக்கு நான் அந்த ஒன்பது பங்கு விதியைத்தான் எடுப்பேன். பிப்ரவரியில் கேட்டிருந்தால் மூடியதைத்தான் எடுத்திருப்பேன்.

இடம் தேர்ந்தெடுப்பதிலும் ஒன்று சேர்க்க வேண்டும். பவளம் நன்று, மீன் குறைவு, ஊருக்குத் தெரிய வேண்டும் என்று மூன்று சொன்னேன். நாலாவது: ஒரே துண்டாக ஒரே பக்கத்தில் வைக்காதே. 450 மீட்டரை இரண்டாக்கி ஒன்று காற்று அடிக்கும் பக்கம், ஒன்று மறைவுப் பக்கம். ஆனால் இரண்டாவது துண்டு ஊரிலிருந்து தெரியாமல் போனால் அதற்குத் தனிக் காவல் வேண்டும். இந்த முடிச்சுக்கு என்னிடம் பதிலில்லை.

6 மே, உப்புக்காற்று

இரண்டாவது துண்டுக்கு எதிரே ஒரு வீடு கட்டிக்கொடுத்து மாமியார் யாரையாவது குடிவைக்கலாம். ஒரு படகு தப்பாது.

6 மே, நங்கூரம்

பி.வி.சி. குழாயில் பயிற்சியும் தேவைப்படாது.

2 ஜூன், வலைக்காரன்

மிதவைப் பதிவைப் படித்து எங்கள் பக்கம் நாலு மிதவை போட்டார்கள். மூன்று வாரத்தில் இரண்டில் கயிறே இல்லை. கல் இருக்கிறது, கேன் கரையில் கிடக்கிறது. அறுந்த முனை சுத்தமாக இருக்கிறது, கத்தி வெட்டு.

3 ஜூன், நங்கூரம்

புது நைலான் கயிறு 20 மீட்டர் ஒரே துண்டாகத் தண்ணீரில் தொங்கினால் யாருக்குத்தான் கை அரிக்காது? விரோதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் கயிற்றின் விலைதான் காரணம். பழைய வலைக் கயிற்றை 3 மீட்டர் துண்டாக வெட்டி, முடிச்சுப் போடாமல் புரி பின்னிச் சேர்த்துப் போடுங்கள். முடிச்சுப் போட்டால் பலம் பாதிக்குப் பக்கம் போய்விடும், புரி பின்னினால் பெரும்பகுதி நிற்கும். அப்படி ஒட்டுப்போட்ட கயிறு வேறு எந்த வேலைக்கும் ஆகாது, எடுத்துப்போக ஆள் வராது. மேலே ஒரு மீட்டருக்குப் பழைய தண்ணீர்க் குழாயைக் கோத்துவிட்டால் புரொப்பெல்லர் உரசலும் தாங்கும். நாலையும் ஒரே நாளில் மாற்றாமல் இந்த வாரம் இரண்டு மட்டும் போட்டுப் பாருங்கள்.